எட்டு ஜெராக்ஸ், எட்டு ஆரோ ஸ்டிக்கர்

சட்டை தைக்கிற கம்பெனியில செக்கிங் டேபிள்ல நின்னவங்களுக்கு ஆரோ ஸ்டிக்கர் தெரியும். சுண்டு விரல் நகம் அளவுக்கு சிவப்பா ஒரு அம்புக்குறி, பின்னாடி பசை. தையல் விட்டிருக்கா, எண்ணெய்க் கறை இருக்கா, அந்த இடத்தைக் காட்டி ஒட்டிட்டு பீஸை 'ஆல்டர்'னு தனியாத் தூக்கிப் போடுவோம். தச்சவங்க வந்து சரி பண்ணிட்டு ஸ்டிக்கரை உரிச்சிடுவாங்க. திட்டு கிடையாது, சண்டை கிடையாது. "இதைக் கொஞ்சம் பாரு"ன்னு அர்த்தம், அவ்ளோதான். இருபத்து மூணு வருஷம் இதை ஒட்டியிருக்கேன். வீட்டுல தலகாணி உறை பிரிஞ்சிருந்தாக்கூட கை தன்னால ஸ்டிக்கரைத் தேடும். என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார், "என் மேல ஒண்ணு ஒட்டிடாதடி தாயே"ன்னு.

அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு மாடி, அதுல ஒரே ஒரு லைன். ஏத்துமதிக்கு ஆம்பளைங்க சட்டை. எனக்கு வீடு ஆவடி. ட்ரெயின்ல வந்து இறங்கி நடந்தே போயிடுவேன். சூப்பர்வைசர்னு பேரு. செக்கிங், ஹாஜர், லீவு லெட்டர், யாருக்காவது தலைவலின்னா மாத்திரை, எல்லாம் நான்தான். முதலாளி கெட்டவர்னு சொல்ல முடியாது. நல்லவர்னும் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை சம்பளம்னா சனிக்கிழமை குடுத்துடுவார், அது ஒண்ணு போதும் எங்களுக்கு.

எங்க லைன்ல யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடற பழக்கம் இல்ல. செய்யுற வேலைதான் பேரு. "ஏய் பாக்கெட்டு, பண்டல் எங்கடி?" "கஃப்பு, இங்க வாப்பா." புதுசா வந்தவங்களுக்கு ரெண்டு நாள் கோவம் வரும். மூணாவது நாள் அவங்களே அப்படித்தான் கூப்பிடுவாங்க. அதனால நான் இப்ப யாரு பேரையும் மறைக்கிறேன்னு நினைக்காதீங்க. பாதிப் பேருக்கு எனக்கு நெஜமாவே பேர் ஞாபகம் இல்ல.

அவனைக் காலர்னுதான் கூப்பிட்டோம். முப்பது வயசு இருக்கும். ஒல்லி. பேசவே மாட்டான். சட்டைக்கு காலர்தான் மூஞ்சி. ரெண்டு முனையும் ஒரே மாதிரி நிக்கணும், உள்பக்கம் சுருக்கம் வரக் கூடாது. எங்க பொண்ணுங்க நாப்பது பேர், பாரிவாக்கம், மாங்காடு பக்கத்துலருந்து வர்றவங்க, சைடு அடிப்பாங்க, பாக்கெட் வைப்பாங்க, பட்டன் கட்டுவாங்க, நூல் வெட்டுவாங்க. காலரும் கஃப்பும் மட்டும் எட்டு ஆம்பளைங்க. பொம்பளைங்களுக்கு வராதுன்னு இல்ல. கத்துக்க ஒரு வருஷம் ஆவும். அந்த ஒரு வருஷம் கெட்டுப்போற துணிக்கு யார் பதில் சொல்றது? அதனால யாரும் கத்துக்குடுக்கல. அந்த எட்டுப் பேரும் மீசை முளைக்கறதுக்கு முன்னாடியே அவங்க ஊரு ஃபேக்டரியில உக்காந்து கத்துக்கிட்டு வந்தவங்க.

அவங்க ஊரு எதுன்னு எனக்குத் தெரியும். இதை இங்கயே சொல்லிடறேன். கூட்டிட்டு வந்த கான்ட்ராக்டர் முதல் வாரமே டீ டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு சாதாரணமா சொன்னான். "அக்கா, கார்டுல கொல்கத்தா பக்கம்னு போட்டிருக்கும். நெஜத்துல பார்டருக்கு அந்தாண்ட, பங்களாதேஷ். கார்டு நான்தான் ரெடி பண்ணிக் குடுத்தேன். சாருக்கும் தெரியும்." நான், "சரி, காலர் ஒழுங்காப் போடுவானுங்களா?"ன்னு கேட்டேன். அது ஒண்ணுதான் கேட்டேன்.

அஞ்சு வருஷம் ஒழுங்காத்தான் போட்டாங்க. என் டேபிளுக்கு வந்த காலர்ல நான் ஸ்டிக்கர் ஒட்டினது ரொம்பக் கம்மி. நடுவுல அவனுக்கும் எங்க பட்டனுக்கும் பழக்கம் ஆயிடுச்சு. பட்டன்னா பட்டன் கட்டற பொண்ணு. பாரிவாக்கத்துக்காரி, வாய் நீளம், லைன் மொத்தத்தையும் சிரிக்க வெச்சுடுவா. அப்ப அவனுக்குத் தமிழ் வராது, இவளுக்கு அவன் பாஷை தெரியாது, எப்படித்தான் பேசிக்கிட்டாங்களோ. மாங்காட்டுல அம்மன் கோயில் வாசல்ல மஞ்சக் கயிறு கட்டிக்கிட்டாங்க. அவனுக்கு எந்த சாமின்னு யாரும் கேக்கல, அவனும் சொல்லல. நான் வேதக்காரி, நானும் போய் நின்னேன், கல்கண்டு வாங்கிச் சாப்பிட்டேன். பொம்பளப் புள்ள பொறந்துச்சு. அந்தக் குட்டி அவங்கப்பனை "இன்னா நைனா, லேட்டா வர்றே?"ன்னு கேக்கும்போது அவன் முகத்தைப் பாக்கணும்.

அப்புறம் ஒரு நாள் ஸ்டேஷன்லருந்து எல்லாக் கம்பெனிக்கும் ஒரு பேப்பர் வந்துச்சு. வெளி மாநிலத்து ஆளுங்க பட்டியல் குடுக்கணும், கூட ஆதார் ஜெராக்ஸ் வைக்கணும். முதலாளி என்கிட்ட நீட்டினார். "பாத்து ஃபைல் பண்ணிடும்மா."

பாத்து ஃபைல் பண்ணச் சொன்னா நான் பாப்பேன். அதான் என் வியாதி. எட்டு ஜெராக்ஸையும் டேபிள்ல வரிசையாப் பரப்பினேன். எட்டுலயும் ஒரே தெரு, ஒரே கதவு நம்பர். ரெண்டுல பொறந்த தேதியும் ஒண்ணே. ஒண்ணுல போட்டோ கோணலா ஒட்டின மாதிரி தெரிஞ்சது. சே, என்ன இப்படி அசிங்கமா பண்ணி வெச்சிருக்கான் இந்த கான்ட்ராக்டர், கூப்பிட்டு நல்லதா வேற காப்பி கேக்கணும்னு நினைச்சேன். பேனாவைத் தேடக்கூட இல்ல. ஸ்டிக்கர் ரோல் பக்கத்துலதான் இருந்துச்சு. அஞ்சுல கதவு நம்பர் மேல, ரெண்டுல தேதி மேல, ஒண்ணுல போட்டோ மேல. எட்டுக்கும் ஒட்டினேன். சத்தியமா சொல்றேன், ஆல்டருக்குத்தான் ஒட்டினேன். சரி பண்ணிட்டு உரிச்சிடலாம்னுதான்.

அன்னிக்கு சனிக்கிழமை. என் தங்கச்சி பேத்திக்கு ஞானஸ்நானம், மத்தியானமே கிளம்பிட்டேன். ஃபைல் டேபிள் மேலயே இருந்துச்சு. திங்கக்கிழமை ட்ரெயின் லேட். நான் படி ஏறும்போது முதலாளி எதிர்ல இறங்கி வர்றார். "ஃபைல் ரெடியா இருந்துச்சு, குடுத்துட்டு வந்துட்டேம்மா. தலைவலி விட்டுது." "சார், அதுல ஸ்டிக்கர்..."ன்னு ஆரம்பிச்சேன். அவர் ஃபோன்ல யாரோடவோ பேசிக்கிட்டே போயிட்டார். நான் மேல போய் ஹாஜர் எடுத்தேன். அப்பவே ஓடியிருக்கலாம். அவனைக் கூப்பிட்டு, புள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்கயாவது போயிடுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. ஒண்ணும் ஆவாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு பீஸ் பாத்தேன்.

புதன்கிழமை காலை டீக்கு மணி அடிக்கும்போது வந்தாங்க. நாலு பேர் மஃப்டி, ரெண்டு பேர் யூனிஃபார்ம். மரியாதையாத்தான் பேசினாங்க, குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு சேர் போடச் சொன்னாங்க. இன்ஸ்பெக்டர் கையில எங்க ஃபைல். என் ஸ்டிக்கரெல்லாம் அப்படியே இருந்துச்சு, ஒண்ணுகூட உரியல. "ரொம்பத் தெளிவா மார்க் பண்ணிக் குடுத்திருக்கீங்க சார், எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்"னு முதலாளிகிட்ட சொன்னார். முதலாளி என்னைப் பாத்தார். நான் தரையைப் பாத்தேன்.

காலர் கையில இருந்த பீஸை முடிச்சான். நூலை வெட்டினான். மெஷினை ஆஃப் பண்ணான். ஏதோ கையெழுத்துதான் கேக்கப் போறாங்கன்னு நினைச்சிருப்பான் போல. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கட்டுமான்னு சைகையில கேட்டான். எடுத்துக்கோன்னாங்க. எட்டுப் பேரும் வரிசையா படி இறங்கினாங்க. பட்டன் பின்னாடியே ஓடினா. "சார், அவரு என் ஊட்டுக்காரரு சார், எங்க இட்டுனு போறீங்க சார்?"னு கத்தினா. நான் அந்த சேர்லயே உக்காந்திருந்தேன். அழுகை வரல, பயம்கூட வரல. பல்லு பிடுங்கறதுக்கு ஊசி போட்ட பக்கம் இருக்குமே, உடம்பு மொத்தமும் அப்படி இருந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் அது முழுசா தெளியல.

மறுநாள் பட்டனோட நான் ஸ்டேஷனுக்குப் போனேன். பொய்க் கார்டு, அனுமதி இல்லாம இருந்ததுன்னு கேஸ். ஜெயில், அதுக்கப்புறம் முகாம், அதுக்கப்புறம் நாடு கடத்தல்னு இன்ஸ்பெக்டர் வரிசையாச் சொன்னார்.

"சார், வேலைக்கு வெச்சது நாங்க. எங்களுக்கு அபராதம் போடுங்க"ன்னேன்.

"உங்க மேல எந்தக் கம்ப்ளைன்டும் இல்லம்மா. நீங்கதான் ஒத்துழைச்சிருக்கீங்க."

"அதில்ல சார். அவங்க கைரேகை எடுத்துக்கிட்டு, நெஜப் பேர்லயே ஒரு கார்டு குடுத்து, மாசா மாசம் வந்து கையெழுத்துப் போடச் சொன்னா போடுவாங்களே. வெச்சிருக்கற கம்பெனியை டெபாசிட் கட்டச் சொல்லுங்க. தப்பிச்சுப் போனா அதை எடுத்துக்கோங்க."

அவர் சிரிக்கல, கோவப்படவும் இல்ல. "நல்ல யோசனைதாம்மா. அதுக்கு சட்டம் வேணும். எனக்கு மேலருந்து எத்தனை பேரைப் பிடிச்சேன்னுதான் கேப்பாங்க, எத்தனை கம்பெனியைப் பிடிச்சேன்னு கேக்க மாட்டாங்க"ன்னார். எனக்கு டீ சொன்னார். குடிச்சேன்.

லைன் அன்னியிலருந்தே திக்க ஆரம்பிச்சது. முன்பக்கம் வருது, பின்பக்கம் வருது, கை வருது, காலர் இல்ல. காலர் இல்லாம சைடு அடிக்க முடியாது, சைடு அடிக்காம பட்டன் கட்ட முடியாது. பண்டல் பண்டலா கழுத்தில்லாத சட்டை சுவரோரமா ஏறிக்கிட்டே போச்சு. கேட்ல போர்டு மாட்டினோம், காலர் டெய்லர் தேவைன்னு. ஒருத்தர் வந்தார், மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவர் திரும்பல. இன்னொருத்தர் நாலு நாள் இருந்தார். அவர் போட்ட காலர் நாய்க்காது மாதிரி ஒண்ணு நிமிந்து ஒண்ணு தொங்குச்சு. எங்க பாக்கெட்டைக் காலர் மெஷின்ல உக்கார வெச்சுப் பாத்தேன். பாவம், ராப்பகலா முயற்சி பண்ணா. ஒரு வருஷத்து வேலை ஒரு வாரத்துல வருமா?

கீழ டீக்கடைக்காரர் ரொம்ப சந்தோஷமா இருந்தார். "இனிமே பாருக்கா, நம்மாளுங்களுக்கு வேலை கெடைக்கும், அவனுங்கதான் புடுங்கிகினு இருந்தானுங்க"ன்னார். அடுத்த மாசம் என் நாப்பது பொண்ணுங்களுக்கும் வாரத்துக்கு மூணு நாள்தான் வேலைன்னு ஆச்சு. டீக்கடையில நாப்பது டம்ளர் குறைஞ்சுது. அதுக்கும் அடுத்த மாசம் முதலாளி எல்லாரையும் நிக்க வெச்சு, ஆர்டர் கேன்சல்னார். சட்டை வாங்கற பையர் வேற இடம் பாத்துக்கிட்டானாம். எந்த இடம்னு கேட்டேன். பங்களாதேஷ்னார். காலர் அப்ப ஜெயில்ல இருந்தான். ஆர்டர் அவனுக்கு முன்னாடி அவன் ஊருக்குப் போய்ச் சேந்துடுச்சு. யாராவது சிரிச்சிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.

எங்களுக்குக் கணக்கு முடிச்சு அனுப்பினாங்க. கஃப் பண்டல் எடுத்துக் குடுக்கற பொண்ணு ஆஸ்பத்திரியில ஹவுஸ்கீப்பிங் போயிடுச்சு. சைடு அடிச்சவங்க ரெண்டு பேரு பாரிவாக்கத்துல புதுசா வந்த ஃப்ளாட்டுல ஐ.டி.காரங்க வீட்டுல சமைக்கிறாங்க. பாக்கெட் வீட்டோட இருக்கா, மாமியார் குத்திக் காட்டறாளாம். காலர் தவிர மத்த ஏழு பேர் தங்கியிருந்த லைன் வீட்டு ஓனரம்மா என்னை பஸ் ஸ்டாப்புல பாத்து, "ஆள் இருந்தா சொல்லு, ரூம் சும்மா கெடக்குது"ன்னா. முதலாளிக்கு ஒண்ணும் ஆவல, மாடியைக் கொரியர்காரங்களுக்கு வாடகைக்கு விட்டுட்டார். கான்ட்ராக்டர் நம்பர் ஸ்விட்ச்டு ஆஃப். எனக்குப் பூந்தமல்லி பக்கம் ஒரு ஃப்ளாட்ஸ் அசோசியேஷன் ஆபீஸ்ல வேலை கெடைச்சுது. வீட்டு வேலைக்கு வர்றவங்ககிட்ட ஆதார் ஜெராக்ஸ் வாங்கி ஃபைல் பண்ணணும். பண்றேன்.

எங்க கோயில்ல மாசத்துக்கு ஒரு தடவை அன்பியக் கூட்டம் நடக்கும், பத்துக் குடும்பம் ஒரு வீட்டுல கூடி ஜெபம் பண்ணுவோம். அதுல ஒரு தடவை இந்தப் பேச்சு வந்துச்சு. ஃபேக்டரியில ரிட்டயர் ஆன ஒரு அண்ணன், "சட்டம்னா சட்டம்தானே, அனுப்பித்தானே ஆவணும்"னார். எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ, பொரிஞ்சு தள்ளிட்டேன். "அனுப்பறதா இருந்தா முதல்ல கூட்டிட்டு வந்தவனைப் பிடிங்க. தெரிஞ்சே வேலை வாங்கினவனைக் கோர்ட்டுல நிறுத்துங்க. அவன் பயந்தா யாரு பொய்க் கார்டுல ஆள் எடுப்பான்? முறையா பர்மிட் குடுங்கன்னு அவனே போய் கேப்பான். அதை விட்டுட்டு ஊசி பிடிச்சவனைத் தூக்கிட்டுப் போனா நாப்பது வீட்டு அடுப்பு அணையுது. எந்த நியாயம் இது?" எல்லாரும் அமைதியா கேட்டாங்க. அந்த அண்ணன்கூட தலையாட்டினார். நான் பேசினது எனக்கே நல்லா இருந்துச்சு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அதைத் திருப்பித் திருப்பி மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டேன்.

பத்து நாள் கழிச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து சமைச்சுக்கிட்டு இருக்கேன், வாசல்ல பட்டன். இடுப்புல குட்டி. கையில பிளாஸ்டிக் கவர்ல ஒரு பேப்பர். இளைச்சுக் கறுத்துப் போயிருந்தா. காபி போட்டுக் குடுத்தேன்.

"அக்கா, இலவச வக்கீல் ஒருத்தரு புடிச்சுக் குடுத்தாங்கோ. நல்ல மனுசன். அவரு ஒண்ணு சொல்றாரு"ன்னா. "கார்டு இவரா பண்ணல, கான்ட்ராக்டருதான் பண்ணான், கம்பெனிக்கும் தெரியும்னு கம்பெனி ஆளு ஒருத்தங்க எழுதிக் குடுத்தா, அந்தப் பொய்க் கார்டு கேஸு நிக்காதாம். ஊருக்கு அனுப்புவாங்க, அது மாத்த முடியாதாம். ஆனா தண்டனை இல்லன்னா, பாஸ்போட்டு எடுத்துகினு, விசா வாங்கினு, பொண்டாட்டி புள்ள இங்க கீதுன்னு முறையா திரும்பி வரலாமாம். தண்டனை ஆயிட்டா அவ்ளோதான்க்கா. உள்ளயே உட மாட்டாங்களாம்."

"சார்கிட்ட கேட்டியா?"

"போனேன். கேட்டையே தொறக்கல."

பேப்பரை வாங்கிப் படிச்சேன். தமிழ்லதான் டைப் அடிச்சிருந்தாங்க. 'அடையாள அட்டை போலி என்பது நிர்வாகத்துக்கும், மேற்பார்வையாளரான எனக்கும் ஆரம்பம் முதலே தெரியும்.' அதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல. என் கண்ணு பழக்கத்துல தப்பு தேடுச்சு, ஒண்ணும் கெடைக்கல. கீழ என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்துச்சு.

"போட்டா என்ன ஆவும்னு வக்கீல் சொன்னாரா?"

"உங்களையும் ஒரு தபா கூப்ட்டு விசாரிப்பாங்களாம்க்கா. கேஸு கூட வரலாமாம். பொய் சொல்ல மாட்டேன் உங்களாண்ட."

அவ என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. குட்டி எங்க வீட்டு ஃபேனைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் என் பையனைப் பத்தி சொன்னேன். பரீட்சை எழுதி, கவர்மென்ட் ஃபேக்டரியில வேலைக்குப் பேர் வந்திருக்கு, போலீஸ் வெரிஃபிகேஷன் பாக்கி இருக்கு, இந்த நேரத்துல அம்மா மேல கேஸுன்னா அவன் வாழ்க்கை போயிடும்னு சொன்னேன். அது நெஜம்தான். ஆனா பையனே இல்லாம இருந்தாலும் நான் வேற ஏதாவது சொல்லியிருப்பேன். அது எனக்குத் தெரியும். சொல்லும்போதே தெரிஞ்சுது.

ஸ்டிக்கர் விஷயத்தை அப்பவாவது சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. "ரெண்டு நாள் டைம் குடு, யோசிச்சு சொல்றேன்"னுதான் வெளிய வந்துச்சு. அவளுக்குப் புரிஞ்சுடுச்சு. "சரிக்கா, நீங்க இன்னா பண்ணுவீங்க பாவம்"னு எழுந்தா. கோவமா சொல்லியிருந்தா தேவலாம். காபி டம்ளரைக் கழுவிக் கவுத்து வெச்சுட்டுப் போனா.

அந்தப் பேப்பர் பீரோவுல, என் ஞானஸ்நான சர்டிபிகேட் இருக்கற கவர்லயே இருந்துச்சு. ரெண்டு நாள் ஆச்சு, ரெண்டு வாரம் ஆச்சு. பையனுக்கு வெரிஃபிகேஷன் முடிஞ்சு ஆர்டர் வந்துடுச்சு. இப்ப போடலாமேன்னு நினைச்சேன். வேலைக்குச் சேரட்டும்னு இருந்தேன். சேந்துட்டான். ப்ரொபேஷன் முடியட்டும்னு இருந்தேன்.

போன வாரம் பட்டன்கிட்டருந்து ஃபோன். நான் அசோசியேஷன் ஆபீஸ்ல இருந்தேன். அவ குரல்ல ஒரு சுரத்தும் இல்ல.

"கேஸு முடிஞ்சுச்சுக்கா. ஜட்ஜையா முன்னாடி அவரு ஒத்துகினாரு. கார்டு நானேதான் பண்ணேன், கம்பெனியில யாருக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. வக்கீல் தலையில அடிச்சுகினாரு. நான் அழுது கேட்டேன், ஏன்யா இப்படி பண்ணேன்னு. அதுக்கு அவரு, அக்கா பேரு வந்துடும்ல, அவங்களுக்குப் பையன் கீறான்னு நீதானே சொன்னன்னாரு."

அப்புறம், "இனிமே அந்தப் பேப்பர் வேணாம்க்கா, கிழிச்சுப் போட்டுடுங்க"ன்னு வெச்சுட்டா.

அவன் இனி வர மாட்டான். அந்தக் குட்டி இனி அப்பனை ஃபோன்லதான் பாக்கும். அதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தோணுச்சு. ஃபோனை வெச்சதும் முதல்ல எனக்கு வந்தது அழுகை இல்ல. அப்பாடான்னு இருந்துச்சு.